பொது நூலகமும் மழலையின் எழுத்தறிவும்: பேர்மிங்ஹாம் நகரை முன்னிறுத்திய ஒரு வரலாற்று நோக்கு

எழுத்தறிவித்தல் என்றதும் தமிழராகிய நமக்கு முதலில் நினைவில் எழுவது ஏடு தொடக்கலாகும். விஜயதசமி நாளிலே குழந்தையின் விரலைப் பிடித்து அரிசியில் அகரம் எழுதுவிக்கும் அச்சடங்கு, எழுத்தறிவுக்கு ஒரு தொடக்க நாள் உண்டு என்னும் எண்ணத்தை நம்முள் ஆழப் பதித்துள்ளது. அந்நாள் வரை பிள்ளை எழுத்துக்குப் புறத்தே நிற்பது. அந்நாளின் பின்னர் அது மாணாக்கன். சடங்கை நம்பாதோரும்கூட இவ்வெண்ணத்தைக் கைவிட்டாரல்லர். பாடசாலை வாயிலை ஏடு தொடக்கும் இடமாகக் கொண்டு அமைதியுறுகின்றனர், அவ்வளவே வேறுபாடு.

இவ்வெண்ணம் இன்று ஆய்வுலகில் நிலைபெறவில்லை. நியூசிலாந்து அறிஞரான மேரி க்ளே 1966 இல் நிறைவு செய்த ஆய்வு முதலாகப் பல ஆய்வுகள் ஓர் உண்மையைத் தெளிவுபடுத்தியுள்ளன. ஓரெழுத்தும் அறியாத பிள்ளையும் எழுத்தைப் பற்றிப் பலவற்றை அறிந்திருக்கக்கூடும். நூலை எப்பக்கத்தால் திறப்பது, தாளை எத்திசையில் புரட்டுவது, படம் வேறு எழுத்து வேறு என்பது, அசையாது கிடக்கும் அவ்வரிகளுள் ஒரு குரல் மறைந்திருக்கின்றது என்பது, அக்குரல் எத்தனை முறை கேட்பினும் மாறாது அதே சொற்களைச் சொல்லும் என்பது ஆகிய யாவும் யாரேனும் ஒருவர் மடியிலிருந்து கேட்ட பிள்ளைக்குத் தாமாகவே வாய்க்கின்றன. மடியிலிருந்து கேளாத பிள்ளை இவற்றையும் எழுத்துகளையும் ஒரே நாளில் எதிர்கொள்ள நேரிடுகின்றது.

இவ்வுண்மை வெளிப்பட்டதும் அதனின்று பெறப்பட்ட அறிவுரை யாது? 'பெற்றோரே, பிள்ளைக்கு வீட்டில் வாசித்துக் காட்டுங்கள்' என்பதே. கேட்பதற்கு இனிய அறிவுரைதான். ஆயினும் எவ்வீட்டில், எந்நூலை, எந்நேரத்தில் என்னும் மூன்று வினாக்களை எழுப்பியதும் அது வர்க்கப் பிரச்சினையாக உருமாறுகின்றது. பொது நூலகத்தின் வரலாற்றை இவ்வினாக்களின் ஒளியில் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதற்கு இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் நகரை நாம் தேர்ந்துகொண்டமைக்குக் காரணங்கள் இரண்டு. கைக்குழந்தைக்கு நூலகத்தின் வழியே நூல் வழங்கும் திட்டம் 1992 இல் அந்நகரிலேயே கருக்கொண்டது. மற்றது, அந்நகர் நமக்கு அந்நியமானதன்று. அங்குள்ள பல்கலைக்கழகத்திலே ஜோர்ஜ் தொம்சனின் வழிகாட்டலிலேயே க. கைலாசபதியும் கா. சிவத்தம்பியும் தமது கலாநிதிப் பட்ட ஆய்வுகளை மேற்கொண்டனர். வாய்மொழி மரபுக்கும் எழுத்து மரபுக்கும் இடையிலான உறவு பற்றிய நமது சிந்தனைக்கு ஓர் ஊற்று அந்நகரில் உண்டு. எழுத்து வாய்மொழியினின்று கிளைப்பதை ஒரு சமுதாயத்தின் வரலாற்றில் அவர்கள் ஆராய்ந்தனர். ஒவ்வொரு பிள்ளையின் வாழ்விலும் அது மீண்டும் நிகழ்கின்றது என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது.

வரியிறுப்போரின் நூலகம்

இங்கிலாந்தின் பொது நூலகச் சட்டம் 1850 இல் நிறைவேறியது. சாசன இயக்கத்தின் மாபெரும் எழுச்சிகள் ஓய்ந்து இரண்டாண்டுகளே கழிந்திருந்தன. தொழிலாளர் தமக்கெனப் படிப்பகங்களை அமைத்துத் தம் பத்திரிகைகளைத் தாமே வாசித்து வந்த காலம் அது. சட்டத்தை முன்மொழிந்த வில்லியம் யூவாட்டுக்கும், கொத்தனார் ஒருவரின் மகனாகப் பிறந்து நூலகராகிய எட்வேர்ட் எட்வேர்ட்சுக்கும் உயரிய நோக்கங்கள் இருந்தன என்பதில் ஐயமில்லை. எனினும் தொழிலாளரை மதுச்சாலையினின்றும் கிளர்ச்சியினின்றும் விலக்கும் மலிவான உபாயமாகவே அதனை ஆதரித்தோர் பலர். மலிவு என்பது ஈண்டு வெறும் அணிச்சொல்லன்று. 10,000 பேருக்கு மேற்பட்ட குடித்தொகையுள்ள நகரங்கள், வரிமதிப்பின் பவுணொன்றுக்கு அரைப்பென்னி மட்டுமே அறவிடலாம். அதற்கும் வாக்களிக்கும் வரியிறுப்பாளருள் மூன்றில் இரு பங்கினர் இசைய வேண்டும். அறவிட்ட பணத்தைக் கொண்டு கட்டடம் எழுப்பலாம், நூல் வாங்கல் ஆகாது. நூல் வாங்கும் உரிமையும் ஒரு பென்னி வரியும் 1855 இலேயே கிட்டின. அவ்வரம்பு நீங்குவதற்கு 1919 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

பேர்மிங்ஹாமில் 1852 இல் நிகழ்ந்த வாக்கெடுப்பில் பெரும்பான்மையோர் ஆதரித்தும், வேண்டிய மூன்றில் இரு பங்கு கிட்டாமையால் நூலகம் கைநழுவியது. 1860 இல் சட்டம் ஏற்கப்பட்டது. மறு ஆண்டு முதலாவது கிளை நூலகமும், 1865 இல் மத்திய இரவல் நூலகமும், 1866 இல் உசாத்துணை நூலகமும் திறக்கப்பட்டன. ஜோர்ஜ் டோசன் என்னும் சமயப் பேச்சாளர், நகரமொன்று தன் மக்களுக்குச் செய்யவேண்டிய கடமை பற்றி வகுத்த கொள்கை, 1873 முதல் 1876 வரை நகர முதல்வராயிருந்த ஜோசப் சேம்பர்லினின் காலத்தில் எரிவாயு, நீர் விநியோகம் ஆகியவற்றை மாநகர சபை பொறுப்பேற்பதற்கு வழிகோலிற்று. முதலாளித்துவ நகரொன்று தன் தொழிலாளரின் உடலும் உள்ளமும் ஓரளவேனும் பேணப்பட்டாலன்றித் தான் இயங்கவியலாது என்பதை உணர்ந்தமையின் வெளிப்பாடு இது. அவ்வுணர்வுக்குச் சுயநலமும் இருந்தது, சாதனையும் இருந்தது. இரண்டனுள் ஒன்றை மறைப்பது வரலாறாகாது.

1879 சனவரி 11 ஆம் நாள், விரிவாக்க வேலை நடைபெற்றுக்கொண்டிருந்த அந்நூலகம் விபத்தொன்றினால் தீப்பற்றியது. ஏறத்தாழ 50,000 நூல்களுள் 1,000 அளவினவே மீட்கப்பட்டன. நகரம் துயருற்றது, எனினும் 1882 இல் புதிய கட்டடம் திறக்கப்பட்டது. இச்செய்தியை வாசிக்கும் ஈழத்துத் தமிழ் வாசகர் எதனை நினைப்பர் என்பதை நாம் அறிவோம். அது பற்றிப் பின்னர் பேசுவோம்.

வாயிலில் நின்ற பிள்ளை

இந்நூலகங்களிலே பிள்ளைக்கு இடம் யாது? தொடக்கத்தில் பெரும்பாலும் இடமில்லை. பன்னிரண்டு அல்லது பதினான்கு வயதுக்குக் குறைந்தோரை விலக்கும் விதிகள் பரவலாக இருந்தன. மன்செஸ்டரில் சிறுவருக்கான வாசிப்பறை 1862 இலும், நொட்டிங்ஹாமில் சிறுவருக்கெனத் தனி நூலகம் 1882 இலும் தோன்றின. இரண்டாவது ஆண்டு நம் கவனத்துக்குரியது. 1870 ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமும் 1880 ஆம் ஆண்டுக் கட்டாய வரவும் தொழிலாளர் பிள்ளைகளைப் பாடசாலைக்குக் கொணர்ந்தன. 1862 முதல் நடைமுறையிலிருந்த பரீட்சைப் பெறுபேற்றுக்கேற்ற மானிய முறை அப்பாடசாலைகளில் வாசிப்பை வெறும் ஒப்புவித்தலாக்கியிருந்தது. வாசிக்கக் கற்றும் வாசிப்பதற்கு ஏதுமற்ற ஒரு தலைமுறை உருவாயிற்று. சிறுவர் நூலகம் அத்தலைமுறைக்கான விடையாகும்.

ஆயின் அவ்விடை, வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்கே உரியதாயிருந்தது. பல நூலகங்களில் அப்பிள்ளையும் தன் கைகள் தூயன என்று காட்டிய பின்னரே நூலைத் தொட முடிந்தது. நிலக்கரிப் புகை சூழ்ந்த நகரின் குடியிருப்புகளிலே, பல குடும்பங்களுக்கு ஒரு நீர்க்குழாயே இருந்த முற்றங்களிலிருந்து வந்த பிள்ளையின் கைகளைச் சோதித்தமை அதன் வர்க்கத்தைச் சோதித்தமைக்கு ஒப்பாகும். 1926 இல் இலண்டனை அடுத்த ஹென்டனில் பணி தொடங்கிய ஐலீன் கோல்வெல் போன்றோர், கதை சொல்லலைச் சிறுவர் நூலகப் பணியின் நடுநாயகமாக்கினர். வாசிக்கத் தெரியாத பிள்ளையும் நூலகத்தின் பயனாளி என்னும் கருத்து இவ்வாறே மெல்ல வேரூன்றிற்று. எனினும் கதை கேட்க வந்தோர், அழைத்துவர நேரமுள்ள தாய்மாரின் பிள்ளைகளே. தாய் ஆலையிலோ பிறர் வீட்டிலோ வேலை செய்யும் நேரத்தில் திறந்திருக்கும் நூலகம், சட்டப்படி அனைவருக்கும் உரியது. நடைமுறையில் சிலருக்கே உரியது.

இத்தடையை உணர்ந்து நூலகத்தை விட்டு வெளியேறியோரும் உளர். இலண்டனின் லாம்பெத் பகுதியிற் சிறுவர் நூலகப் பணிக்குப் பொறுப்பாயிருந்த ஜனெட் ஹில், பூங்காக்களுக்கும் விளையாட்டிடங்களுக்கும் கதைசொல்லிகளை அனுப்பினார். சமூகத்துள் இறங்கிப் பணியாற்றும் நூலகர் பற்றி 1973 இல் அவர் ஒரு நூலும் எழுதினார். நூலகம் என்பது கட்டடமன்று, ஓர் உறவு என்னும் கருத்து அவரது பணியிலே செயல்வடிவம் பெற்றது.

குறை குடும்பத்தினதா?

இதே காலத்தில் கல்வியுலகில் வேறொரு கோட்பாடு செல்வாக்குற்றிருந்தது. தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகள் பாடசாலையில் பின்தங்குவதற்கு அவர்தம் இல்லத்து மொழியின் வறுமையே காரணம் என்பது அதன் சாரம். பசில் பேர்ன்ஸ்டைனின் மொழிக் குறிநெறி பற்றிய ஆய்வுகள் இதற்குச் சான்றாகக் காட்டப்பட்டன. தமது கருத்து அவ்வாறு கொள்ளப்படலாகாது என்று அவர் மறுத்தும் பயனில்லை. 1967 இல் வெளியான ப்ளவ்டன் அறிக்கையும், பிள்ளையின் கல்வி வளர்ச்சி வேறுபடுவதற்கு இல்லத்தின் பொருள்நிலையினும் பெற்றோரின் மனப்பாங்கே பெரிதும் காரணம் என வலியுறுத்திற்று. மனப்பாங்கு காரணமாயின் மருந்து அறிவுரையாகும். அறிவுரைக்குச் செலவு குறைவு.

இக்கோட்பாட்டுக்கு நேர்ந்த எதிர்ச்சான்றுகள் வலியன. நியூயோர்க்கின் கறுப்பினச் சிறுவரின் மொழி தர்க்க வளத்திற் குறைந்ததன்று என வில்லியம் லபோவ் 1969 இல் நிறுவினார். பார்பரா ரிசாட்டும் மார்ட்டின் ஹியூசும் நான்கு வயதுச் சிறுமியர் முப்பதின்மரின் உரையாடல்களை இல்லத்திலும் மழலையர் பள்ளியிலும் பதிவு செய்து ஆராய்ந்து 1984 இல் வெளியிட்டனர். தொழிலாளர் இல்லங்களிலும் தாய்க்கும் மகளுக்கும் இடையே வினாவும் விடையும் விளக்கமும் நிறைந்த உரையாடல் நிகழ்ந்தமையை அவர்கள் கண்டனர். அதே சிறுமியர் பள்ளியிலே வாய் குன்றியிருந்தனர்.

இவற்றினும் நேரடியானது இலண்டனின் ஹரிங்கே பகுதியில் 1976 முதல் 1978 வரை நிகழ்ந்த பரிசோதனை. பாடசாலையிலிருந்து நூல்களை வீட்டுக்கு அனுப்பி, ஆறு முதல் எட்டு வயது வரையான பிள்ளைகள் பெற்றோருக்கு வாசித்துக் காட்டுமாறு ஒழுங்கு செய்யப்பட்டது. அப்பெற்றோருட் சிலருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. சிலருக்குப் பேசவும் தெரியாது. எனினும் அப்பிள்ளைகளின் வாசிப்பு தெளிவாக மேம்பட்டது. சிறப்பாசிரியரைக் கொண்டு மேலதிகப் பாடம் புகட்டப்பட்ட பிள்ளைகளிடத்து அத்தகைய முன்னேற்றம் காணப்படவில்லை. எழுதப்படிக்கத் தெரியாத தாயும் பிள்ளையின் எழுத்தறிவுக்குத் துணையாகலாம் என்பதே இதன் பொருள். அவளிடம் இல்லாதிருந்தது அன்போ மொழியோ அக்கறையோ அன்று. நூல் இல்லாதிருந்தது, 'இது உன்னாலும் ஆகும்' என்று ஒருவர் வந்து சொல்வது இல்லாதிருந்தது.

தாதியின் பையிலிருந்து வந்த நூல்

1992 ஆம் ஆண்டுத் திட்டத்தை இப்பின்னணியிலேயே மதிப்பிட வேண்டும். நூல் அறக்கட்டளையைச் சேர்ந்த வென்டி கூலிங், பாடசாலைக்கு வந்த முதல் நாளில் நூலை என் செய்வதென்றே அறியாது திகைத்த ஐந்து வயதுச் சிறுவனொருவனைக் கண்டமையே தம் தூண்டுதல் எனக் கூறியுள்ளார். பேர்மிங்ஹாம் நூலக சேவை, நகரின் தென்பகுதிச் சுகாதாரத் துறை, பல்கலைக்கழகத்தின் கல்விப்பகுதி ஆகியன அறக்கட்டளையுடன் இணைந்தன. ஏறத்தாழ ஒன்பது மாதப் பருவத்துச் சுகாதாரப் பரிசோதனையின்போது 300 குழந்தைகளின் குடும்பங்களுக்கு ஒவ்வொரு பை வழங்கப்பட்டது. அதனுள் ஒரு நூல், ஒரு பாட்டு அட்டை, நூலகத்திற் சேர்வதற்கான அழைப்பு ஆகியன இருந்தன.

செயல் எளியது, அதன் பொறிமுறை நுணுகி நோக்கத்தக்கது. முதலாவதாக, நூலகம் இங்குக் குடும்பம் தன்னிடம் வரும் வரை காத்திருக்கவில்லை. வர்க்க பேதமின்றி எல்லா இல்லங்களுக்கும் ஏற்கெனவே சென்றுகொண்டிருந்த பொதுச் சேவையொன்றின், அதாவது கைக்குழந்தைகளைப் பார்வையிடும் சுகாதாரத் தாதியின், பாதையிலே அது தன்னை இணைத்துக்கொண்டது. இரண்டாவதாக, அப்பை எல்லோருக்கும் உரியதாயிருந்தது. வறியோருக்கு மட்டும் வழங்கப்படும் உதவி பெறுவோரை அடையாளமிட்டுக் குறுக வைக்கும்; எல்லோருக்கும் வழங்கப்படுவது தடுப்பூசி போன்று உரிமையாகின்றது. மூன்றாவதாக, நூல் முன்னே வந்தது, சொல் பின்னே வந்தது. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பாரி வேட், மகி மூர் ஆகியோர் அக்குழந்தைகளைத் தொடர்ந்து ஆராய்ந்தனர். குடும்பத்தினர் நூலை மேலும் அடிக்கடி கையாண்டமையும், பாடசாலையிற் சேர்ந்தபோது அப்பிள்ளைகள் ஒப்பீட்டுக் குழுவினரிலும் மேம்பட்டு நின்றமையும் பதிவாகியுள்ளன. ஆய்வுக்குட்பட்டோர் தொகை சிறிதாகையால் முடிவுகளை மிகைப்படுத்தல் ஆகாது. எனினும் திசை தெளிவானது.

இத்திட்டத்தின் பின்வரலாறு அதனினும் அறிவூட்டுவது. 1999 இல் பேரங்காடி நிறுவனமொன்றின் பணத்தினால் அது நாடளாவ விரிந்தது. நிறுவனத்தின் ஆதரவு சில ஆண்டுகளில் முடிவுற்றதும் திட்டம் தள்ளாடியது. பின்னர் அரசு பொறுப்பேற்றது. 2010 டிசம்பரில், நிதி நெருக்கடியைக் காரணங்காட்டி இங்கிலாந்துக்கான நிதியை முற்றாக நிறுத்துவதாக அரசு அறிவித்தது. எழுத்தாளரும் பெற்றோரும் எழுப்பிய எதிர்ப்பினால் சில நாட்களிலேயே அது பின்வாங்கிற்று. ஆயினும் நிதி பெரிதும் குறைக்கப்பட்டது. கைக்குழந்தையின் கையிலுள்ள நூல், வணிகத்தின் தயவிலும் அரசியற் போராட்டத்தின் வலுவிலும் மாறி மாறித் தங்கியிருந்தமையை இதனினும் தெளிவாகக் காட்ட இயலாது.

திட்டத்தின் பையிலிருந்த அழைப்பு எந்நூலகத்துக்கு அழைத்ததோ அந்நூலகத்துக்கு நேர்ந்ததையும் காண்போம். 2010 க்கும் 2019 க்கும் இடையே பிரித்தானியாவில் 800 அளவிலான நூலகங்கள் மூடப்பட்டன. பேர்மிங்ஹாமில் ஏறத்தாழ 18 கோடியே 90 இலட்சம் பவுண் செலவில் எழுந்த புதிய மத்திய நூலகம் 2013 இல் திறக்கப்பட்டது. இரண்டாண்டுகளுக்குள் அது திறந்திருக்கும் நேரம் வாரத்துக்கு 73 மணியிலிருந்து 40 மணியாகக் குறைக்கப்பட்டது. 2023 செப்டெம்பரில் மாநகர சபை, தன் செலவுகளை ஈடுசெய்ய இயலாதெனச் சட்டப்படி அறிவித்தது. அதனை அடுத்து நகரின் கிளை நூலகங்களின் செலவும் வெட்டுக்கு உள்ளானது.

அவ்வறிவிப்புக்குக் காட்டப்பட்ட காரணங்களுள் ஒன்று இங்கு உற்றுநோக்கத்தக்கது. துப்புரவாளர், சமையலாளர், பராமரிப்பாளர் எனச் சபையின் கீழ் உழைத்த பெண்களுக்கு நெடுங்காலமாக ஆண்களிலும் குறைவாக ஊதியம் வழங்கியமைக்கு நட்டஈடு செலுத்த வேண்டியிருந்தது. மத்திய அரசு மானியங்களைக் குறைத்தமையும், கணினி முறைமையொன்றின் தோல்வியும் ஏனைய காரணங்களாம். உழைக்கும் தாய்மாரின் ஊதியம் முதலில் பறிக்கப்பட்டது. அது திருப்பிக் கொடுக்கப்பட வேண்டிய வேளையில் அவர்தம் பிள்ளைகளின் நூலகம் குறைக்கப்பட்டது. மாலையில் பிள்ளையை மடியில் இருத்தி வாசித்துக் காட்டுமாறு அறிவுரை கூறப்படுவதும் இதே தாய்மாருக்குத்தான்.

நமக்குரியது

இங்கிலாந்தின் அனுபவம் நமக்கு அப்படியே பொருந்துவதன்று; எனினும் அது தரும் முறையியல் பயனுள்ளது. யாழ்ப்பாணப் பொது நூலகம், க.மு. செல்லப்பாவின் முயற்சியால் 1934 இல் வாடகை அறையொன்றில் தொடங்கியது. பொதுமக்களின் நிதியால் வளர்ந்து, எஸ்.ஆர். ரங்கநாதனின் ஆலோசனையுடன் திட்டமிடப்பட்டு, 1959 இல் தன் கட்டடத்தைப் பெற்றது. சிறுவர் பகுதி 1967 இல் திறக்கப்பட்டது. 1981 மே 31 நள்ளிரவை ஒட்டி, பொலிசாரும் குண்டர்களும் அடங்கிய கும்பலினால் அது எரிக்கப்பட்டது. 97,000 அளவிலான நூல்களும் சுவடிகளும் அழிந்தன. விபத்தினால் எரிந்த பேர்மிங்ஹாம் நூலகத்தை மூன்றரை ஆண்டுகளில் ஒரு மாநகர சபை மீட்டது. திட்டமிட்டு எரிக்கப்பட்ட நூலகம் மக்களுக்கு முழுமையாக மீளத் திறக்கப்பட இருபதாண்டுகளுக்கு மேல் சென்றன. அவ்விடைக்காலத்திலே பிறந்து வளர்ந்த பிள்ளைகளின் தொகையை எவரும் கணக்கிடவில்லை. அழிந்த சுவடிகளைப் பற்றி நாம் நிறைய எழுதியுள்ளோம், எழுதவும் வேண்டும். சிறுவர் பகுதிக்கு வரவியலாது போன பிள்ளையைப் பற்றி எழுதியது சொற்பமே.

நம் பிள்ளைக்கு இன்னொரு சிறப்பான தேவையும் உண்டு. தமிழ் இரட்டை வழக்குடைய மொழி. வீட்டிற் கேட்கும் தமிழும் நூலிற் காணும் தமிழும் வெவ்வேறாகையால், எழுத்துத் தமிழை முதன்முதலாகப் பாடசாலையிலேயே செவிமடுக்கும் பிள்ளை, எழுத்தோடு கூட ஒரு புதிய வழக்கையும் கற்க நேரிடுகின்றது. தாயின் குரலிலே நூற்றமிழைக் கேட்டுப் பழகுவது நம் பிள்ளைக்கு ஆங்கிலப் பிள்ளைக்கு உள்ளதிலும் இன்றியமையாதது எனலாம். இதனை வீட்டில் நூலுள்ள மத்தியதர வர்க்கத்தின் தனிப் பேறாக விட்டுவிடுவது, இலவசக் கல்வி 1945 இல் திறந்த கதவை ஐந்து வயதுக்கு முன்னரே பாதி சாத்துவதாகும்.

வழி எங்குள்ளது? பேர்மிங்ஹாமின் படிப்பினை இதுவாகும்: வீடுகளுக்கு ஏற்கெனவே செல்லும் பொதுச் சேவை எது என்று முதலில் நோக்குக. நம் நாட்டிலே அது நெடுங்காலமாக உண்டு. குக்கிராமத்துக் குடிசைக்கும் குழந்தையின் நிறையைப் பார்க்கச் செல்லும் குடும்பநல உத்தியோகத்தரின் பாதை அது. மலையகத்திலே, தாய் கொழுந்து பறிக்கும் நேரத்தில் பிள்ளை இருக்கும் பிள்ளை மடுவமும் அத்தகையதே. பிரதேச சபை நூலகங்கள் இவ்விரண்டுடனும் கைகோப்பின், லயன் காம்பிராவில் வாழும் தாயை நூலகத்துக்கு வருமாறு அழைப்பதற்கு முன்னர், நூலகம் அவளிடம் சென்றிருக்கும். எளிய வரிகளும் நல்ல படங்களும் கொண்ட தமிழ் நூலொன்றை நம் கலைஞரும் எழுத்தாளரும் ஆக்கித் தருதல் அரிதன்று. எழுதப்படிக்கத் தெரியாத தாயும் பிள்ளையின் எழுத்தறிவுக்குத் துணையாகலாம் என்பதை ஹரிங்கே நமக்கு உணர்த்தியுள்ளது.

எழுத்தறிவு குடும்பத்தின் ஒழுக்கமாகக் கருதப்படும்வரை, நூலகத்தை மூடுவோருக்கு மனச்சான்று உறுத்துவதில்லை. பிள்ளை பின்தங்கினால் பழி தாய்க்கே சேரும். அது நூலும் நேரமும் ஆளும் சமுதாயத்திற் பங்கிடப்படும் முறையின் விளைவென உணரப்படும்போதே, நூலகம் சலுகை என்னும் நிலை நீங்கி உரிமையாகின்றது. ஏடு தொடக்கும் நாளுக்கு முன்னரே ஏடு வீட்டுக்கு வந்திருத்தல் வேண்டும். அதனைக் கொணரும் பொறுப்பு சமுதாயத்துக்குரியது.